தோலுக்குத் தெரியாத சூடு

திண்டுக்கல் பேகம்பூரில் கிதர் முகம்மது எங்கே என்று கேட்டால் இரண்டு மூன்று பேரைக் காட்டுவார்கள். தோல் பார்க்கிற கிதர் என்று கேட்டால் ஒருவரைத்தான் காட்டுவார்கள். பதினேழு வயதில் தோல் பதனிடுகிற ஒரு ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டி வேலைக்குச் சேர்ந்தவர், முப்பது வயதுக்குள் தரம் பிரிக்கிற மேஜைக்கு வந்துவிட்டார். பதப்படுத்திய ஆட்டுத் தோல்கள் ஒவ்வொன்றாக அவர் முன்னால் வந்து விழும். கண்ணால் ஒரு தடவை பார்ப்பார். பிறகு உள்ளங்கையை வைத்து, கழுத்துப் பக்கமிருந்து வால் பக்கம் வரை ஒரே இழுப்பாகத் தடவுவார். ஆடு உயிரோடிருந்தபோது கருவேல முள்ளில் கீறிக்கொண்ட இடம், உண்ணி கடித்த இடம், உரிக்கும்போது கத்தி நூலளவு ஆழமாக இறங்கிய இடம், எல்லாம் அந்தக் கைக்குத் தெரிந்துவிடும்.

ஒரு தடவை ஆம்பூரிலிருந்து வந்த வியாபாரி ஒருவர், பேச்சுவாக்கில் சவால் விட்டு, இவர் கண்ணைத் துண்டால் கட்டிவிட்டு ஐம்பது தோல்களை அடுக்கி வைத்தார். அதில் ஒன்றில் மட்டும் ஊசிமுனை அளவு ஓட்டை. அதையும் சாயம் போட்டு மறைத்திருந்தது. கிதர் முப்பத்திரண்டாவது தோலில் கையை நிறுத்தி, "இதுதான். கூடவே இன்னொண்ணும் சொல்றேன். இந்த ஆடு ரொம்ப நாளு ஒரு பக்கமாவே படுத்துக் கெடந்திருக்கு" என்றார். வியாபாரி அவிழ்த்த துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தத் தோலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாராம்.

இப்படிப்பட்டவருக்குத் தன் உடம்பு மட்டும் பிடிபடவில்லை.

அவருடைய அறுபத்து நான்காவது வயதில், ஏதோ சரியில்லை என்று முதலில் கண்டுபிடித்தது அவர் மனைவி குர்ஷித் பேகம். துவைத்து உலர்த்துகிற கொடியில் ஒரு நாளைக்கு ஐந்து கைலி தொங்கியது. மறுநாளும் ஐந்து.

"என்னங்க, இம்புட்டு கைலி எதுக்கு மாத்துறீக? கல்யாண மாப்பிள்ளையா நீங்க?"

"வேர்வை, புள்ள."

"கார்த்திகை மாசத்துல என்ன வேர்வை?"

கிதர் கொடியிலிருந்து காய்ந்த கைலி ஒன்றை உருவிக்கொண்டு உள்ளே போய்விட்டார். பள்ளிவாசலில் இமாமுக்கு நேர் பின்னால், முதல் வரிசையில் நின்று தொழுகிறவர் அவர். சில மாதங்களாகக் கடைசி வரிசைக்குப் போயிருந்தார். பிறகு வீட்டிலேயே தொழ ஆரம்பித்தார். மூத்திரம் போய்விட்டு எழுந்த பிறகும் சொட்டு சொட்டாகக் கசிந்தது. தொழுகைக்காகக் கை, முகம், கால் கழுவி ஒளு எடுத்து நின்றால், கைலியில் ஈரம் பட்டுச் சுத்தம் போய்விட்டதோ என்ற பயத்திலேயே தொழுகை கழிந்தது. பயம் வந்தால் போய் மாற்றிக்கொண்டு, மறுபடி ஒளு எடுத்து, மறுபடி நிற்பார். குர்ஷித் இரண்டு நாள் விடாமல் கேட்ட பிறகுதான் தலையைக் குனிந்துகொண்டு விஷயத்தைச் சொன்னார்.

"இதுக்கா வெக்கப்பட்டீக? கெளம்புங்க ஆஸ்பத்திரிக்கு" என்றார் குர்ஷித்.

மதுரையில் டாக்டர் பெலிக்ஸ் என்பவரிடம் போனார்கள். நாற்பது வயது இருக்கும். நிதானமாகப் பேசுகிற மனிதர். வயதானால் புராஸ்டேட் சுரப்பி வீங்குவது சகஜம், சொட்டுவதற்கு மாத்திரை போதும் என்றுதான் ஆரம்பித்தார். எதற்கும் இருக்கட்டும் என்று ரத்தத்தில் கேன்சருக்கான பி.எஸ்.ஏ. அளவைப் பார்க்கச் சொன்னார். அது கூடுதலாக இருந்தது. எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். பிறகு ஊசியால் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். பத்து நாள் கழித்து டாக்டர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"பாய், கேன்சர் இருக்கு. பயப்படாதீங்க. சின்னதா இருக்கு, ஒரு மொச்சைக்கொட்டை அளவு. இடது பக்கம் மட்டும்தான். எங்கயும் பரவல."

"அந்தக் கேன்சராலதான் சொட்டுதா தம்பி?" என்று குர்ஷித் கேட்டார்.

"இல்லம்மா. சொட்டுறது வீக்கத்தால. இந்தக் கேன்சர் இப்போதைக்கு ஒரு சத்தமும் காட்டாது. சொட்டலேன்னா நீங்க வந்திருக்க மாட்டீங்க. வந்ததாலதான் இது கண்ணுல பட்டுச்சு."

கிதர் முகம்மது குனிந்து தன் கைலியைப் பார்த்தார். எந்த ஈரத்தை ஒரு வருஷமாகச் சபித்துக்கொண்டிருந்தாரோ, அதுதான் தன்னை இந்த நாற்காலிக்கு இழுத்து வந்திருக்கிறது என்பதை அவரால் உடனே விழுங்க முடியவில்லை.

ஆபரேஷன் செய்து புராஸ்டேட்டை முழுசாக எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். அதன் பிறகு சில மாதங்களுக்கு மூத்திரம் கசியும், பெரும்பாலானவர்களுக்கு நின்றுவிடும், சிலருக்கு நிற்காது, துணியோ பேடோ வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும் என்பதையும் மறைக்காமல் சொன்னார். கிதர் எழுந்துகொண்டார்.

"அப்ப வேண்டாங்க."

"என்ன பேச்சு பேசுறீக?" என்று குர்ஷித் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"அல்லாஹ் எம்புட்டு நாள் எழுதியிருக்கானோ அம்புட்டு நாள் இருந்துட்டுப் போறேன். சுத்தமா நின்னு தொழுதுட்டுப் போறேன். விட்ரு."

திண்டுக்கல் திரும்பிய பிறகு, அந்த வார வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து கூட்டம் கலைந்ததும் கிதர் பள்ளிவாசலுக்குப் போய், இமாமான ஹஜ்ரத்தைத் தனியாகச் சந்தித்துக் கேட்டார். ஹஜ்ரத் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நோயாளிக்கு மார்க்கத்துல சலுகை இருக்கு பாய். ஒவ்வொரு வக்துத் தொழுகைக்கும் புதுசா ஒளு எடுத்துக்குங்க. நடுவுல சொட்டுனாலும் தொழுகை கூடும். உசிரக் காப்பாத்துறதும் கடமைதான்" என்றார். கிதர் தலையை ஆட்டினார். சட்டம் புரிந்தது. மனசுதான் சம்மதிக்கவில்லை. மயிரிழை கீறல் இருந்தாலும் முதல் தரத்தில் வைக்காமல் தள்ளியே முப்பத்தைந்து வருஷம் பழகிப்போன மனசு அது.

திருச்சியில் வாழ்க்கைப்பட்டிருந்த மகள் இஃப்பத் போனில் அழுதாள். அவளுக்காகத்தான் இன்னொரு தடவை மதுரைக்குப் போகச் சம்மதித்தார். டாக்டரிடம் முடியாது என்று முறையாகச் சொல்லிவிட்டு வருவதற்காக. அங்கே போய்ச் சேர்ந்ததும் வழக்கம்போல் அவசரமாகக் கழிப்பறைக்குப் போக வேண்டியிருந்தது. திரும்பி வந்தபோது குர்ஷித் டாக்டரின் மேஜை மேல் பாதி சாய்ந்து உட்கார்ந்திருந்தார். டாக்டர் ஒரு தாளில் படம் வரைந்துகொண்டிருந்தார்.

"என்ன நடக்குது இங்க?"

"நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன்" என்றார் குர்ஷித். "மொச்சைக்கொட்டை அளவுதானே, அந்தக் கொட்டைய மட்டும் எடுத்துட்டு மிச்சத்த விடக்கூடாதான்னு கேட்டேன். தம்பி முடியும்னு சொல்லுது."

"எல்லாருக்கும் முடியாது" என்று டாக்டர் பெலிக்ஸ் திருத்தினார். "உங்களுக்கு முடியலாம். பாய், இதப் பாருங்க. இது மூத்திரப் பை. கீழ இருக்கறது புராஸ்டேட். அதுக்குக் கீழ மோதிரம் மாதிரி ஒரு தசை. அதுதான் மூத்திரத்தப் புடிச்சு வைக்குது. முழுசா வெட்டி எடுக்கும்போது இந்த மோதிரம் அடிபடுது. உங்க கேன்சர் இருக்கற இடம் மோதிரத்துலேர்ந்து தள்ளி இருக்கு. அதுல மட்டும் குறி வச்சுச் சுடலாம். கத்தி கிடையாது. அல்ட்ரா சவுண்ட்."

"ஸ்கேன் பாக்குறதுங்களே, அதுவா?"

"அதே ஜாதி. ஒலிதான். நம்ம காதுக்குக் கேக்காத ஒலி. ஸ்கேன்ல அது சும்மா பாத்துட்டு வரும். இதுல பல பக்கத்துலேர்ந்து கெளம்பி ஒரே புள்ளியில வந்து சேரும். சேர்ற எடத்துல மட்டும் கொதிக்கிற தண்ணிக்குக் கொஞ்சம் கம்மியான சூடு. அங்க இருக்கற சதை சில விநாடியில செத்துப்போகும். வழியில இருக்கற எதுக்கும் ஒண்ணும் ஆகாது. மெஷின் இங்க இல்ல. மெட்ராஸ்ல என்கூடப் படிச்ச டாக்டர் மணிமேகலை செய்யுறாங்க."

கிதர் முகம்மது வெகுநேரம் அந்தத் தாளையே பார்த்தார். அவர் நம்பவில்லை. சுண்ணாம்புத் தொட்டியில் தண்ணீர் சூடேறினால் தோல் என்ன பாடுபடும் என்று தெரிந்தவர் அவர். ஒருமுறை சூடுபட்டுச் சுருண்ட தோலை எந்த மருந்தும் விரிக்காது. எத்தனை மாதம் கழித்துத் தொட்டாலும் கை கண்டுபிடித்துவிடும்.

"தோலைத் தாண்டித்தான உள்ள போகணும்? தாண்டிப் போற சூடு தோலுக்குத் தெரியாமப் போகுமாங்க?" என்று கேட்டார்.

"அத அவங்ககிட்டயே கேளுங்க" என்று சிரித்தார் டாக்டர்.

சென்னை ஆஸ்பத்திரியில் டாக்டர் மணிமேகலையின் அறைக்குள் நுழைந்ததும் கிதருக்கு இன்னொரு சங்கடம். பெண் டாக்டர். ஒலி அனுப்புகிற கருவியை ஆசனவாய் வழியாகத்தான் வைக்க வேண்டும் என்று அவர் படம் காட்டி விளக்கியபோது, கிதர் ஜன்னலைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், கடைசியில் மனைவியைப் பார்த்தார். குர்ஷித் காதோரம் குனிந்து, "எனக்கு இஃப்பத் பொறந்தப்ப ஆம்பள டாக்டருதான் பாத்தாரு. நீங்கதான கூட்டிட்டுப் போனீக" என்றார். கிதர் நாற்காலியை மேஜைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

ஆனால் தன் கேள்வியை விடவில்லை. தாண்டிப் போகிற சூடு தோலுக்குத் தெரியாதா?

டாக்டர் மணிமேகலை எழுந்து அலமாரியைத் திறந்து, கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்த ஒரு கட்டியை எடுத்து மேஜையில் வைத்தார். நோன்புக்குக் காய்ச்சுகிற கடற்பாசி இனிப்பு போல லேசாக ஆடியது. அதன் நடு வயிற்றில், நெருக்கி அடுக்கிய அரிசி மணிகள் போல வெள்ளையாக ஒரு சின்னக் கொத்து.

"இது நாங்க பழகறதுக்கு வச்சிருக்கற ஜெல். சூடு பட்ட இடம் மட்டும் வெள்ளையாகும். உங்களுக்கு வைக்கப் போற அதே மெஷினாலதான் வெளியிலேர்ந்து சுட்டோம். எந்தப் பக்கத்துலேர்ந்து ஒலி உள்ள போச்சுன்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க."

கிதர் முகம்மது கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். கட்டியை இரு கைகளாலும் எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு மேல் பக்கத்தைத் தடவினார். திருப்பி அடிப்பக்கம். பிறகு நான்கு ஓரங்கள். விரல் நுனியால், உள்ளங்கையால், நகத்தின் பக்கவாட்டால். ஊசிமுனை ஓட்டையைக் கண்டுபிடித்த கை அது. ஒரு சொரசொரப்பு, ஒரு பள்ளம், ஒரு இறுக்கம், ஏதாவது இருக்க வேண்டும். மறுபடி ஆறு பக்கமும் தடவினார். வெளியே காத்திருந்தவர்களை நர்ஸ் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். டாக்டர் அவசரப்படுத்தவில்லை.

கிதர் கண்ணைத் திறந்தபோது கண் கலங்கியிருந்தது.

"சுப்ஹானல்லாஹ்" என்றார் மெதுவாக. "ஒண்ணுமே இல்லம்மா. எந்த வழியாவும் உள்ள போகல. ஆனா உள்ள போயிருக்கு."

"நானும் முதல் தடவை பாத்தப்ப இப்படித்தான் திருப்பித் திருப்பிப் பாத்தேன்" என்றார் டாக்டர் மணிமேகலை. பிறகு குரலைக் கொஞ்சம் மாற்றி, மற்றதையும் சொன்னார். இது புதிய முறை. வெட்டி எடுப்பதற்கு இருக்கிற நீண்டகால அனுபவம் இதற்கு இன்னும் இல்லை. மிச்சமிருக்கிற பகுதியில் பின்னால் கேன்சர் வரலாம். அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்க்க வேண்டும். ஒரு வருஷத்தில் எம்.ஆர்.ஐ.யும் ஊசிச் சோதனையும். தேவைப்பட்டால் மறுபடி செய்ய வேண்டிவரும். கசிவே வராது என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் கசிவு வருகிறவர்கள் மிகக் குறைவு.

"போதும்மா. கையெழுத்து எங்க போடணும்?" என்றார் கிதர்.

சிகிச்சை நடந்த அன்று அவருக்கு நினைவிருப்பது முதுகில் ஒரு ஊசி, முகத்தில் ஒரு மூடி, அவ்வளவுதான். குர்ஷித் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தார். இரண்டரை மணி நேரம். இஃப்பத் பக்கத்தில் இருந்தாள். உள்ளே என்ன நடந்தது என்பதைப் பிறகு டாக்டர் கம்ப்யூட்டரில் காட்டினார். சாம்பல் நிறத் திரையில் அவருடைய புராஸ்டேட். இடது ஓரத்தில் வரைந்து வைத்த ஒரு கோடு. அந்தக் கோட்டுக்குள் மட்டும் ஒலி வந்து விழ வேண்டும். ஒரு தடவை சுடுகிறது, நிறுத்துகிறது, அரிசி மணி அளவு நகர்கிறது, மறுபடி சுடுகிறது. ஒவ்வொரு சுடுதலுக்கும் அந்தப் புள்ளியில் வெள்ளையாக ஒரு மினுக்கம் தோன்றி அடங்கியது. இப்படி நூற்றுக்கணக்கான தடவை. கோட்டுக்கு வெளியே ஒன்றும் நடக்கவில்லை. மோதிரத் தசை அசையாமல் கீழே அப்படியே இருந்தது.

ஆனால் அதற்கு முன்பே, மயக்கம் தெளிந்து வார்டில் கண் விழித்ததும் அவர் செய்த முதல் காரியம், போர்வைக்குள் கையை விட்டு அடிவயிற்றைத் தடவிப் பார்த்ததுதான். பிறகு தொடை, இடுப்பு. கட்டு இல்லை, தையல் இல்லை. மூத்திரத்துக்கு ஒரு டியூப் மட்டும் போட்டிருந்தது.

"செஞ்சாகளா இல்லையா?" என்று மனைவியிடம் கேட்டார்.

"செஞ்சு முடிச்சு டாக்டரம்மா காப்பி குடிக்கப் போயாச்சு" என்றார் குர்ஷித்.

மறுநாளே அனுப்பிவிட்டார்கள். பகல் ரயிலில், டியூபில் மாட்டிய பையைக் கைலிக்குள் மறைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தார். விழுப்புரம் தாண்டியதும் பசித்தது. புளிச்சோறும் உருளைக்கிழங்கு வெஞ்சனமும் கொடுத்த குர்ஷித், அவர் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். நேற்று கேன்சருக்கு வைத்தியம் செய்துகொண்ட ஆள் இன்று ரயிலில் விரலைச் சூப்பிக்கொண்டு இன்னும் கொஞ்சம் சோறு கேட்கிறார் என்பது அவருக்குக் கனவு போல இருந்தது.

எல்லாம் சுகமாகவே போய்விடவில்லை. ஒரு வாரம் கழித்து மதுரையில் டியூபை எடுத்தபோது எரிச்சல் உயிரை எடுத்தது. மூத்திரத்தில் துணுக்குத் துணுக்காகச் செத்த சதை வெளியேறியது. பத்து நாள் போல் கசிவு பழையபடி இருந்தது, அதைவிட அதிகமாகக்கூட. கிதர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஒலியும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், ஏமாந்துபோனேன் என்று முணுமுணுத்தார். டாக்டர் பெலிக்ஸ் போனில், பொறுத்துக்கொள்ளுங்கள், வீக்கம் வடியட்டும், சொட்டுவதற்குக் கொடுத்த மாத்திரையை விடாதீர்கள் என்றார்.

டியூப் எடுத்த பதினாறாம் நாள், பிற்பகல் அஸர் தொழுகைக்கு ஒளு எடுத்துத் தொழுது முடித்து எழுந்தவர், கைலியைத் தொட்டுப் பார்த்தார். உலர்ந்திருந்தது. பொழுது சாய்ந்து மக்ரிபுக்கும் அதே கைலி. மறுநாள் விடியலில் பஜ்ருக்கும் நண்பகலில் லுஹருக்கும். குர்ஷித் கொடியருகே வந்து நின்று, "துவைக்கப் போட ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டார். கிதர் கட்டியிருந்த கைலியின் முனையை விரலால் பிடித்துக் காட்டினார். அன்று அஸருக்குப் பள்ளிவாசலுக்குப் போனார். பழக்கத்தில் கடைசி வரிசையில் போய் நின்றவரை, பக்கத்து வீட்டு மைதீன் பிச்சை கையைப் பிடித்து முன்னால் தள்ளிக்கொண்டு போனார்.

மூன்று மாதச் சோதனைக்கு மதுரை போனபோது, காத்திருக்கும் பெஞ்சில் ஆயக்குடியிலிருந்து வந்த கொய்யாத் தோட்டக்காரர் ஈஸ்வரன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் அதே நோய்.

"ஏனுங்க, கத்தி வெக்காமப் பண்ணிட்டாங்கன்னு நர்ஸம்மா சொன்னாங்க. நெசமாங்க?"

கிதர் எல்லாவற்றையும் சொன்னார். ஈஸ்வரன் முகம் மலர்ந்தது. ஆனால் உள்ளே போய்விட்டு வந்தபோது அந்த மலர்ச்சி இல்லை. அவருக்கு இரண்டு பக்கமும் பரவியிருந்தது. வெட்டி எடுப்பதுதான் சரி என்று சொல்லிவிட்டார்கள். கிதருக்குத் தானே ஏதோ ஆசை காட்டி ஏமாற்றிவிட்டது போல இருந்தது. அன்று தன் பஸ்ஸை விட்டுவிட்டு அவரோடு மாலை வரை உட்கார்ந்திருந்தார். ஆபரேஷன் அன்றும் மதுரைக்குப் போனார். ஈஸ்வரன் பிழைத்துக்கொண்டார். நான்கு மாதம் பேட் வைத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். இப்போது அதுவும் தேவைப்படவில்லை. வாரத்துக்கு ஒரு தடவை இருவரும் போனில் பேசிக்கொள்கிறார்கள்.

ஒரு வருஷம் முடிந்து எம்.ஆர்.ஐ. எடுத்து, ஊசிச் சோதனையும் ஆனது. முடிவு கேட்கச் சென்னைக்குப் போனார்கள். டாக்டர் மணிமேகலை பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். மொச்சைக்கொட்டை இருந்த இடத்தில் சுருங்கிய ஒரு தழும்பு. சோதனையில் கேன்சர் இல்லை.

கிதர் முகம்மது திரையைத் தொடலாமா என்று அனுமதி கேட்டுவிட்டு, அந்த இடத்தில் விரலை வைத்தார்.

"இதக் கண்டுபுடிச்சவுக பேரு என்னம்மா?"

"ஒருத்தர் இல்லய்யா. எண்பது வருஷமா எத்தனையோ நாட்டுல எத்தனையோ பேரு. ஒலியால உடம்புக்குள்ள சுட முடியும்னு சிலர் காட்டினாங்க. அத ஒரு புள்ளியில குவிக்க சிலர், குறி தப்பாம இருக்க படம் காட்டச் சிலர். பாதிப் பேரு இது மனுஷனுக்குப் பயன்பட்டதப் பாக்காமலே போயிருப்பாங்க. எனக்கே எல்லார் பேரும் தெரியாது."

அந்த வாரம் ஜும்ஆ தொழுகை முடிந்து எல்லோரும் கலைந்த பிறகும் அவர் உட்கார்ந்தே இருந்தார். மனைவிக்கும் மகளுக்கும் ஈஸ்வரனுக்கும் இரண்டு டாக்டர்களுக்கும் கையேந்தித் துஆ கேட்டு முடித்தார். கை இறங்கவில்லை. அந்த ஒலியைக் குவித்தவர்கள் இன்னும் பாக்கி இருந்தார்கள். எந்த நாடு, எந்த மதம், ஆணா பெண்ணா, இருக்கிறார்களா இறந்துவிட்டார்களா, எதுவும் தெரியவில்லை. பெயர் இல்லாமல் எப்படிக் கேட்பது என்று கொஞ்சம் தடுமாறினார்.

"யா அல்லாஹ், உனக்குத் தெரியும் அவுக யாருன்னு" என்று ஆரம்பித்தார்.